இரண்டாம் ஓட்டுநர்

ஃபால் ரிவரில் ஜனவரிக்கு வெளிச்சம் போதாது.
நாலரைக்கே மேசை விளக்கைப் போட்டுவிடுவேன்.
பக்கத்து போர்ச்சுகீசிய ரொட்டிக் கடையின் வாசம்
சுவரைத் தாண்டி வந்து
என் கோப்புகளின்மேல் உட்கார்ந்துகொள்ளும்.
பத்தொன்பது வருடமாக
கார் காப்பீடு விற்கிறேன் அந்த வாசத்தில்.

ஒடீலியா ஃபுர்தாடோ வந்தாள்,
பூட்ஸில் பனியும் சாலை உப்பும்.
புதுப்பித்தல் கடிதத்தை
நாலாய் மடித்து, எட்டாய் மடித்து
கைக்குள் வைத்திருந்தாள்.
"போன வருஷத்தைவிட ஆயிரத்து இருநூறு டாலர் கூட.
கார் அதே கார். வயசு ஏறினதுதான் மிச்சம்.
எனக்கும்தான்."

கார் இல்லை, பெயர்கள், என்றேன்.
ஒரே கூரையின் கீழ்
உரிமம் வைத்திருக்கும் எல்லாரையும் எழுதியாக வேண்டும்,
சாவியைத் தொடாதவரையும் சேர்த்து.
கம்பெனி விலை வைப்பது இரும்புக்கு அல்ல,
இருக்கையில் யார் யார் உட்காரக்கூடும் என்பதற்கு.

முதல் ஓட்டுநர் நீங்கள்.
இருபத்திரண்டு வருடம், ஒரு கீறல் இல்லை.
மூன்றாவது டெரிக்.
பதினேழு வயது, நவம்பரில்தான் தேறியிருக்கிறான்.
பயிற்சிப் பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவந்தால்
கொஞ்சம் இறங்கும்.
இரண்டாவது ஹெர்மீனியோ.
வேகத்துக்கு ஒன்று,
சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு ஒன்று,
நின்ற வண்டியில் மோதியதற்கு ஒன்று.

"கடைசியா எப்போ?"

செப்டம்பர் பதினொன்று. வூன்சாக்கெட்.

"வூன்சாக்கெட்டில் அவருக்கு யார் இருக்காங்க?"
கேட்டது என்னிடம் இல்லை.

அடுத்த கேள்வி படிவத்தினுடையது, என்னுடையதல்ல:
இவர் இப்போதும் உங்கள் வீட்டில் வசிக்கிறாரா?
இரண்டு கட்டங்கள்,
ஒன்றில் மட்டும் குறி.

ஹீட்டர் இரண்டு முறை இருமியது.
"அவர் கோட்டு இருக்கு" என்றாள்.
கோட்டுக்கு உரிமம் கிடையாது என்று
சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அக்டோபரிலிருந்து இல்லை.
அம்மாவுக்குத் தெரியாது. கோயிலில் யாருக்கும் தெரியாது.
பையனிடம்கூட மேய்ன் பக்கம் வேலை என்றுதான்..."

ஒரு விசையை அழுத்தினேன்.
அந்த வரி மறைந்தது. கீழிருந்த வரி மேலேறியது.
மூன்றாம் ஓட்டுநர் இரண்டாம் ஓட்டுநரானான்,
யாரையும் கேட்காமல்.
தொகை அறுநூற்று முப்பது இறங்கிற்று.
இறங்கினால் எண்ணைப் பச்சையில் காட்டும் எங்கள் திரை.
அதற்கு வெட்கம் கிடையாது.

இன்னும் குறைக்க வழி உண்டா என்றாள்.
கட்டாயப் பகுதியில் கை வைக்க முடியாது.
விருப்பப் பகுதியில் வைக்கலாம்.
பதினாலு வயது கொரோலாவுக்கு
மோதல் காப்பு எதற்கு?
அடித்துக்கொண்டாள்.
வாடகைக் கார்? அதையும் அடித்தாள்.
கண்ணாடி இருக்கட்டும்,
இந்த ஊர்ச் சாலையில் கல் பறக்கும்.

கடைசியில் இழுவைச் சேவை.
அந்த வரிக்கு நேரே
பதினோரு வருடமாக 'வேண்டாம்',
வருடா வருடம் அவள் கையெழுத்தில்.

பேனா அங்கே நின்றது.
"வண்டி எங்கே நின்றாலும் அவர் வந்துடுவார்.
கேபிளோட. திட்டிக்கிட்டே."
பிறகு, "எவ்வளவு?"

வருடத்துக்கு இருபது டாலர்.

"போடுங்க."

அச்சு எந்திரம் சூடாகும்வரை
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நடுராத்திரி கூப்பிட்டாலும் வருவாங்களா?"
வருவார்கள்.
"திட்டாம?"
அதைப் பற்றி பாலிசியில் ஒன்றும் இல்லை, என்றேன்.
மூக்கால் சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள்,
குடும்பப் பெயரில் ஒரு கணம் தயங்கி.

வெளியே டெரிக்
எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான், ஓட்டுநர் பக்கம்.
அவள் மறுபக்கக் கதவைத் திறந்தாள்.
வண்டி உடனே கிளம்பவில்லை.
உள் விளக்கு எரிந்தது; அவள் வாய் அசைவது தெரிந்தது,
பையன் ஸ்டியரிங்கை விடாமல் கேட்டான்.

ரொட்டிக் கடையில் ஷட்டரை இறக்கினார்கள்.
அவள் பழைய கடிதம் என் மேசையிலேயே கிடந்தது,
எட்டு மடிப்பும் விரிந்து,
மூன்று பெயர்களோடு.